லட்சணமும் இலக்கணமும் ஒரு தாய் மக்கள்

"கணக்குப் போட்ட லட்சணத்தைப் பாரு!" என்று திட்டு வாங்காமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளிப் பருவத்தைக் கடந்திருக்க முடியாது. அதே பிள்ளை மறுநாள் தமிழ் வகுப்பில் "இலக்கணக் குறிப்புத் தருக" என்ற கேள்விக்கு முன்னால் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டில் திட்டிய லட்சணமும் வகுப்பில் மிரட்டும் இலக்கணமும் ஒரே சொல்தான். வேறு வேறு காலத்தில், வேறு வேறு வாசல் வழியாகத் தமிழுக்குள் வந்து, இப்போது ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் திரிகின்றன.

அடையாளம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். 'லக்ஷ்' என்ற வடமொழி வேருக்குக் குறித்தல், கவனித்தல் என்று பொருள். அதிலிருந்து வரும் 'லக்ஷண' என்றால் குறி, அடையாளம், ஒன்றை இன்னது என்று காட்டிக்கொடுக்கும் பண்பு. பசுவின் லட்சணம், குதிரையின் லட்சணம், பெண் பார்க்கப் போகிறவர்கள் பேசும் சாமுத்திரிகா லட்சணம் எல்லாம் இந்தப் பொருளில்தான். புத்தரின் உடம்பில் 32 மகாபுருஷ லட்சணங்கள் இருந்தன என்று பாலி நூல்கள் சொல்கின்றன. பாலியில் அந்தச் சொல்லின் வடிவம் 'லக்கண'. ககரத்தைக் கொஞ்சம் மூச்சு கூட்டிச் சொல்லவேண்டும். முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து, பின்னால் மகர ஒற்றை வைத்தால் நம் சொல் வந்துவிடுகிறது.

அந்த இகரம் ஏன் என்பது தெரிந்த கதை. லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. லங்கை இலங்கையானது, ராமன் இராமனானான். 'க்ஷ' என்ற ஒலி பட்ட பாடுதான் சுவையானது. பழைய காலத்தில் பிராகிருத, பாலி வாடையோடு வந்த சொற்களில் அது 'க்க' ஆயிற்று. பிற்காலத்தில் சமஸ்கிருதத்திலிருந்து நேராக வந்தவற்றில் 'ட்ச' ஆயிற்று. அதனால் பல சொற்கள் இரண்டு தடவை தமிழுக்குள் நுழைந்திருக்கின்றன. கம்பனுக்கு இலக்குவன், நமக்கு லட்சுமணன். இலக்குமியும் லட்சுமியும் அப்படியே. தக்கணம், தட்சிணம். ஊர் எல்லையில் நிற்கும் இயக்கி, மந்திரக் கதையில் வரும் யட்சி. இலக்கம், இலட்சம். இலக்குமியும் இலக்குவனும் கூட இதே 'குறி' என்ற வேரின் கிளைகள்தான். நல்ல அடையாளம் உடையவள், உடையவன். நம் இலக்கணத்துக்குச் சொந்தக்காரர்கள் பெரிய இடத்தில் இருக்கிறார்கள்.

இலக்கம் என்ற சொல்லை ஈழத்தில் கேட்டுப் பாருங்கள். 'தொலைபேசி இலக்கம்', 'வாகன இலக்கத் தகடு' என்பது அங்கே அன்றாடப் பேச்சு. நாம் எண் என்கிறோம், இல்லாவிட்டால் நம்பர். வீட்டுக் கதவில் தொங்கும் எண்ணும் ஓர் அடையாளம்தானே. வேர்ப்பொருள் அங்கே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரட்டைப் பிறவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இலக்கியமும் இலட்சியமும். 'லக்ஷ்ய' என்றால் குறிக்கப்படுவது, குறி வைக்கப்படுவது. முதல் வரவில் அது இலக்கியம் ஆயிற்று. இரண்டாம் வரவில் இலட்சியம். மேடையில் "இலட்சிய வீரர்" என்று முழங்குகிறவருக்கும் "இலக்கியச் செல்வர்" என்று பட்டம் வாங்குகிறவருக்கும் கிடைத்திருப்பது ஒரே சொல். அதற்கு முன்னால் ஓர் 'அ' போட்டால் அலட்சியம்: குறியில் வைக்காதது, கண்டுகொள்ளாதது.

ஆக, இலக்கணம் என்றால் குறிப்பது. இலக்கியம் என்றால் குறிக்கப்படுவது. இந்த ஜோடியைத் தமிழர்கள் புதிதாகக் கட்டவில்லை. வடமொழி இலக்கணம் வகுத்த பாணினிக்குப் பின்வந்தவர்கள், வியாகரணம், அதாவது மொழியிலக்கணம், என்றால் என்ன என்று வாதம் செய்தபோது ஒரு விடை கிடைத்தது. பாணினி மரபில் பதஞ்சலி எழுதிய உரையான மகாபாஷ்யத்தில் அது இருக்கிறது. லக்ஷ்யமும் லக்ஷணமும் சேர்ந்ததே வியாகரணம் என்பது அந்த விடை. வழங்குகிற சொல் லக்ஷ்யம், அதை விளக்குகிற சூத்திரம் லக்ஷணம். சூத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வியாகரணம் தெரியும் என்று சொல்ல முடியாது, பேச்சும் வேண்டும்.

இந்த ஜோடி பழைய பொருளிலேயே இன்றும் உயிரோடு இருக்கும் இடம் ஒன்று உண்டு: கர்நாடக சங்கீதம். கச்சேரி மேடையில் பாடிக் காட்டுவது லட்சியம், அந்த ராகத்தின் ஆரோகண அவரோகணம், ஜீவ ஸ்வரம் என்று எடுத்துச் சொல்வது லட்சணம். "லட்சணம் தெரியும், லட்சியம் போதாது" என்று ஒரு வித்வானைக் குறை சொன்னால், படிப்பு இருக்கிறது, பாட்டு வரவில்லை என்று அர்த்தம். ஆரம்பப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கும் லட்சண கீதம், ராகத்தின் அடையாளங்களையே பாட்டாக்கிப் பாடுவது. தமிழிலக்கியத்தில் சொற்கள் தமிழாகி மாறிப்போயின, சங்கீதத்தில் மாறாமல் நின்றுவிட்டன.

சமஸ்கிருதத்தில் லக்ஷ்யம் என்ற சொல்லுக்குக் கவிதை, காவியம் என்ற பொருள் வளரவில்லை. அங்கே அதற்குச் சாஹித்யம் இருக்கிறது. லக்ஷ்யத்தை எடுத்து, ஒரு மொழியின் எழுத்துச் செல்வம் முழுவதற்கும் பெயராக வைத்தது தமிழ் செய்த வேலை. கடன் வாங்கிய சொல் என்றே வைத்துக்கொண்டாலும், கடன் கொடுத்தவரிடம் இல்லாத பொருள் இது.

"என்றே வைத்துக்கொண்டாலும்" என்று இழுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தச் சொற்கள் கடனே இல்லை, தூய தமிழ் என்பவர்கள் இருக்கிறார்கள். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய பிறகு எத்தனையோ வடசொற்களுக்கு மாற்றுச் சொல் தேடினார்கள். இலக்கணத்தையும் இலக்கியத்தையும் மட்டும் வெளியே அனுப்ப மனம் வரவில்லை. சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர் இரண்டையும் 'இலக்கு' என்ற தமிழ்ச் சொல்லின் பிள்ளைகள் என்றார். இலக்கு என்றால் குறி, அதிலிருந்து இலக்கணம். கட்டிலிருந்து கட்டணம் வருவதுபோல என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அதை ஏற்கவில்லை, 'லக்ஷண' என்பதிலிருந்து வந்ததாகவே குறித்திருக்கிறது.

திருக்குறளில் 'இலக்கம் உடம்பிடும்பைக்கு' என்று ஒரு குறள் வருகிறது. துன்பம் எய்யும் அம்புக்கு உடம்பு குறி என்று பொருள். குறி என்ற பொருளில் இந்தச் சொற்குடும்பம் தமிழில் பழையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பழையதாக இருப்பது ஒன்று, தமிழில் பிறந்தது என்பது வேறு. எனக்கு வடமொழித் தொடர்பே சரி என்று படுகிறது. இலக்கணம் என்ற ஒரு சொல் மட்டும் ஒத்துப்போனால் தற்செயல் எனலாம். இலக்கணம், இலக்கியம் என்ற ஜோடி, அதே எதிரும் புதிருமான பொருளோடு, அதே துறையில், அங்கேயும் இங்கேயும் இருக்கும்போது தற்செயல் என்று சொல்ல வாய் வரவில்லை. தமிழில் இலக்கண நூல் எழுதியவர்களில் சமணரும் பௌத்தரும் எத்தனை பேர் என்று பார்த்தால் வந்த வழியும் ஊகிக்கக்கூடியதே. யாப்பருங்கலம் செய்த அமிதசாகரர், நேமிநாதம் செய்த குணவீர பண்டிதர், நன்னூல் செய்த பவணந்தி மூவரும் சமணர்கள். வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். பிராகிருதமும் பாலியும் அவர்கள் மரபில் புழங்கிய மொழிகள்.

வந்த வழியைவிட எனக்கு வியப்பாக இருப்பது வேறு. வியாகரணம் என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தமிழர் அதை எடுக்கவில்லை. கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் இன்று கிராமருக்குப் பெயர் வியாகரணம்தான். தமிழ்நாட்டிலும் சொல் தெரியாமல் இல்லை. சோழர் காலத்தில் திருவொற்றியூர்க் கோயிலில் வியாகரணம் கற்பிக்க ஒரு மண்டபமே இருந்தது. அங்கே சொல்லிக்கொடுத்தது பாணினியை. தமிழுக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை.

ஏன் ஒட்டவில்லை என்பதற்கு என் ஊகம் இது. வியாகரணம் என்றால் பிரித்துக் காட்டுவது. சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துப்போடும் வேலைக்கு அது சரியான பெயர். கிரேக்கர்கள் 'கிரம்மா', அதாவது எழுத்து, என்பதிலிருந்து 'கிராமர்' என்ற பெயரைக் கட்டினார்கள். அவர்களுக்கு அது எழுத்துக் கலை. தமிழில் இந்தத் துறை எழுத்தோடும் சொல்லோடும் நிற்கவில்லை. பொருள் என்று மூன்றாவது அதிகாரம் ஒன்று இருக்கிறது. தலைவியைப் பிரிந்த தலைவன் எந்த நிலத்தில் எந்தப் பொழுதில் ஏங்குவான், ஆநிரை கவரப் போகிறவன் என்ன பூச்சூடுவான் என்பதெல்லாம் நம் கிராமர் புத்தகத்துக்குள் வருகின்றன. சொல்லைப் பிரித்துக் காட்டும் பெயரால் காதலையும் போரையும் எப்படிக் குறிப்பது? ஒவ்வொன்றுக்கும் அடையாளம் சொல்வது என்ற பெயர்தான் பொருந்தும்.

தொல்காப்பியத்தில் இந்தச் சொல் நிற்கும் இடங்களில் ஒன்று இதற்கு ஒத்தாசையாக இருக்கிறது. புறத்திணையியலின் தொடக்கமே 'அகத்திணை மருங்கின் அரில்தப உணர்ந்தோர் புறத்திணை இலக்கணம் திறப்படக் கிளப்பின்' என்பது. அங்கே இலக்கணம் என்பது விதி அல்ல. போர் என்ற ஒழுக்கம் இப்படி இப்படி இருக்கும் என்ற வரைவு.

இறையனார் அகப்பொருள் உரையில் வரும் கதையும் நினைவுக்கு வருகிறது. பாண்டிய நாட்டில் 12 ஆண்டு பஞ்சம். அறிஞர்கள் சிதறிப் போனார்கள். மழை பெய்து நாடு மீண்டதும் அரசன் ஆளனுப்பித் தேடினான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்கள் கிடைத்தார்கள், பொருளதிகாரம் வல்லவர் ஒருவரும் அகப்படவில்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வதே பொருளுக்காகத்தானே, அது இல்லாமல் இவற்றைப் பெற்றும் பெறாதவர்கள் ஆனோமே என்று அரசன் வருந்தினானாம். கதை நடந்ததா என்பதை விடுங்கள். சொன்னவர்களுக்கு இலக்கணம் என்றால் எது உயிர்நிலையாக இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. பின்னால் யாப்பும் அணியும் தனித்தனியே பிரிந்து ஐந்திலக்கணம் ஆயின. பள்ளிக்கூடத்தில் நமக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்தது வல்லினம் மிகும் இடம், மிகா இடம்.

அடையாளம் என்ற பழைய பொருளை வகுப்பறைதான் மறந்தது, தெரு மறக்கவில்லை. "பொறுமைக்கு இலக்கணம் அவர்" என்கிறோம். "நட்புக்கே இலக்கணம் வகுத்தவர்கள்" என்று இரங்கல் கூட்டத்தில் பேசுகிறோம். யாரும் அங்கே பெயர்ச்சொல் வினைச்சொல்லை நினைப்பதில்லை. பொறுமை என்றால் என்ன என்று கேட்டால் கைநீட்டிக் காட்டத்தக்க ஆள் என்று பொருள். பெண் "மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா" என்னும்போது, இருக்கவேண்டிய குறிகள் இருக்கவேண்டியபடி இருக்கின்றன என்றுதான் சொல்கிறார்கள். அது அழகு என்ற பொருளுக்கு நழுவிவிட்டது. ஆங்கிலத்திலும் இதே கூத்து நடந்திருக்கிறது. சினிமாப் பத்திரிகைகள் விடாமல் எழுதும் 'கிளாமர்', 'கிராமர்' என்ற சொல் ஸ்காட்லாந்துக்காரர் வாயில் திரிந்த வடிவம். படித்தவன் கையில் இருக்கும் புத்தகம் மந்திரப் புத்தகமாகத்தான் இருக்கும் என்று பாமரர் நம்பிய காலத்தில் மந்திரம் என்ற பொருள் ஒட்டி, மந்திரம் மயக்கமாகி, மயக்கம் கவர்ச்சியாயிற்று. இரண்டு மொழிகள், இரண்டு தனித்தனி வழிகள், கடைசியில் இரண்டும் போய் நின்ற இடம் அழகு.

தொல்காப்பியத்தின் பாயிரத்தில் இலக்கணம் என்ற சொல் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கும் செய்யுளும் அடிப்படை, எழுத்தும் சொல்லும் பொருளும் ஆராயப்பட்டன, 'முந்துநூல் கண்டு முறைப்பட எண்ணிப் புலந்தொகுத்தோனே' என்று அந்தப் பாயிரத்தைப் பாடிய பனம்பாரனார் சொல்கிறார். தொல்காப்பியர் தொகுத்தது புலம். புலம் உடையவர் புலவர். அந்தச் சொல் தங்கியிருந்தால் இன்று புலப்பிழை, புலக்குறிப்பு என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போமோ என்னவோ. பெயர்பெற்ற பழைய இலக்கண நூல்கள் தங்கள் தலைப்பிலும் இந்தச் சொல்லைச் சூட்டிக்கொள்ளவில்லை. தொல்காப்பியம் ஆசிரியர் பெயரால், வீரசோழியம் அரசன் பெயரால், நேமிநாதம் தீர்த்தங்கரர் பெயரால் வழங்கின. நன்னூல், நல்ல நூல் என்பதோடு நிறுத்திக்கொண்டது. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கம், சுவாமிநாத தேசிகரின் இலக்கணக் கொத்து என்று தலைப்பிலேயே சொல் ஏறி உட்கார்ந்ததைப் பார்க்க 17ஆம் நூற்றாண்டுக்கு வரவேண்டியிருக்கிறது. அந்த இலக்கண விளக்கத்தை மறுத்துச் சிவஞான முனிவர் எழுதியதற்குப் பெயர் 'இலக்கண விளக்கச் சூறாவளி'. தலைப்பு வைப்பதில் அந்தக் காலத்தவரை மிஞ்ச முடியாது.

மேடைகளில் அடிக்கடி வரும் 'இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பல்' என்ற தொடர் நன்னூலில் இருப்பது. பெரிய தத்துவம் சொல்லும் இடத்தில் இருக்கும் என்று நினைத்துத் தேடினால் ஏமாந்துபோவோம். இடைநிலை என்றால் என்ன என்று விளக்கும் நூற்பாவின் முதலடி அது. பகுதியையும் விகுதியையும் பிரித்தெடுத்துவிட்டு நடுவில் எது மிஞ்சுகிறதோ அதைப் பெயர்ச்சொல்லில் இடைநிலை என்று கொள்க என்பதுதான் செய்தி. வழங்குகிற வடிவத்தைப் பார்த்துத்தான் விதி சொல்கிறோம் என்று போகிற போக்கில் ஒரு சமாதானம். இங்கே இலக்கியம் என்பது கதையோ கவிதையோ இல்லை, கண்ணெதிரே வழங்கும் சொல், பதஞ்சலியின் லக்ஷ்யமேதான். அகத்தியத்தின் பெயரில் வழங்கும் நூற்பா ஒன்று இதையே செக்கு மொழியில் சொல்கிறது. எள் இல்லையென்றால் எண்ணெய் இல்லை. எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பதுபோல இலக்கியத்திலிருந்து எடுக்கப்படுவது இலக்கணம்.

எள் மாறினால் எண்ணெயும் மாறும் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. அதுவும் இலக்கணம் என்ற சொல் வரும் இன்னொரு நூற்பாதான். கிளவியாக்கம் என்ற இயலில் 'ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும் ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும் வழக்கின் ஆகிய உயர்சொல் கிளவி, இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல' என்கிறார் தொல்காப்பியர். ஒரே ஓர் ஆளைப் பன்மையில் சொல்வது மரியாதைக்காக வழக்கில் உண்டு, ஆனால் அது இலக்கணத்தின் பக்கம் நிற்கும் சொல் அல்ல என்று அர்த்தம். "அப்பா வந்தார்", "ஆசிரியர் சொன்னார்", "நீங்க சாப்பிட்டீங்களா" எல்லாம் இந்தக் கணக்கில் அடிபடுகின்றன. கதையில் நரியை நரியார் ஆக்குவதும்தான். ஒருமை என்ற அடையாளத்துக்கும் பன்மை என்ற அடையாளத்துக்கும் பொருத்தமில்லை. வழக்கு ஒரு பக்கம், இலக்கணம் ஒரு பக்கம் என்று இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். தடை எதுவும் போடவில்லை.

13ஆம் நூற்றாண்டை ஒட்டி வந்த நன்னூலில் சுருதி மாறிவிட்டது. 'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே' என்கிறார் பவணந்தி. மகிழ்ச்சியிலோ மரியாதையிலோ கோபத்திலோ பாலும் திணையும் தவறினாலும் இயல்புதான். பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று கொஞ்சினால் குற்றமில்லை. அங்கே இலக்கணத்தின் பக்கம் சேராமல் வெளியே நின்றது, இங்கே வழுவமைதி, அதாவது பிழையானாலும் ஏற்கத்தக்கது, என்ற பெயரோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அதற்கப்புறமும் வழக்கு சும்மா இருக்கவில்லை. மரியாதைக்காக 'அவர்' ஒருவருக்கே ஆகிவிட்டதால், பலரைச் சொல்ல 'அவர்கள்' தேவைப்பட்டது. தொல்காப்பியர் 'கள்' என்ற விகுதியை அஃறிணைப் பெயருக்குத்தான் சொல்லியிருந்தார், பலவற்றைக் குறிக்க. திருக்குறளிலேயே 'மற்றையவர்கள்' என்று அது மனிதர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டது. இன்றைக்கு ஒரு விழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். 'தலைமை: திரு. இன்னார் அவர்கள்' என்றிருக்கும். ஆள் ஒருவர். 'அர்' ஒரு பன்மை, 'கள்' இன்னொரு பன்மை, அதுவும் அஃறிணையிலிருந்து வந்தது. தொல்காப்பியர் கணக்கில் பார்த்தால் மேடையின் நடு நாற்காலியில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. 'கள்'ளை விட்டுவிட்டு அச்சடித்துவிட்டால் வருகிற கோபம் மட்டும் ஒரே ஆளுக்கு.